நான்காவது சுற்றில் ஒரு தூக்கு நீச்சத்தண்ணி

1

கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர, பெரிய ற எனக்கு இன்னமும் தகராறுதான். தினமும் பேப்பர் பார்ப்பதால் வாசிப்பு மறக்கவில்லை. எழுதுவதுதான் இருபத்து நாலு வருடமாகச் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுவதோடு நின்றுபோனது. நம் ஊர்ச் சங்கத்தின் மலரை அச்சுக்குக் கொடுப்பவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

வெளி மாநிலத்தில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பும்படி சங்கத்திலிருந்து கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. ஹைதராபாத்தைப் பற்றி நான் என்ன எழுத? நான் பார்த்த ஹைதராபாத், ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் பாய்லர் அறை. அதற்கு ஜன்னல்கூடக் கிடையாது. கடிதத்தை அலமாரியில் போட்டுவிட்டேன்.

இன்று ஞாயிறு. காலை ஏழரை மணி. என் மகன் பிரவீன் ஊருக்கு வெளியே பாறைக் காட்டில் மலை சைக்கிள் பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். போன வருடம் இதே பந்தயத்தில் அவனோடு ஜோடியாக ஓட்டியவன் நான். இந்த வருடம் என்னை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. வீட்டில் சும்மா உட்கார முடியாமல் அலமாரியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன்.

2

பந்தயத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் கால்தான் சம்பந்தம்.

கல்யாணமான புதிதில் கம்பெனிக்குப் பின்னாலேயே ஒரு அறையில் குடியிருந்தோம். மதியம் என் மனைவி செல்வி தூக்கில் சாப்பாடு கொண்டுவந்து கேட்டில் நிற்பாள். கோடையில் சோறு இறங்காது. பாய்லர் முன்னால் நின்றவனுக்குச் சோற்றைப் பார்த்தாலே குமட்டும். அதனால் பழைய சோற்றின் நீச்சத்தண்ணியில் உப்பும் கொஞ்சம் மோரும் விட்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டுக் கொண்டுவருவாள். கூட வேலை பார்க்கும் மல்லேஷ் முதலில் மூக்கைப் பொத்தினான். அடுத்த கோடையில் அவனும் டம்ளரை நீட்டினான்.

பிரவீனைப் பள்ளியில் சேர்க்க வேண்டிய வயதில், நல்ல பள்ளிக்கூடம் என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு ஹப்சிகுடா பக்கம் வீடு மாறினோம். அவனுக்குப் பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. எனக்குக் கம்பெனி சைக்கிளில் ஒன்றேகால் மணி நேரம். போக ஒன்றேகால், வர ஒன்றேகால். வெயில், மழை, மேம்பாலம், லாரி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே சைக்கிள். அந்தப் பள்ளிக்கூடம் அவனுக்கு இங்கிலீஷும் தெலுங்கும் இந்தியும் கொடுத்தது. எனக்குத் தொடைச் சதையைக் கொடுத்தது.

தமிழ் அவனுக்குப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும். அவன் சொன்னதில் பாதியை நானே தமிழாக்கி எழுதுகிறேன். நான் "சாப்பிட்டியாடா?" என்பேன். "தின்னானு டாடி" என்பான். ஏழெட்டு வயது வரை அப்பா என்று கூப்பிட்டவன்தான். எப்போது டாடி ஆனேன் என்று ஞாபகம் இல்லை. ஒரு தடவை தார்நாகா சிக்னலில் நண்பர்களோடு பைக்கில் நின்றிருந்தான். நான் பக்கத்தில் சைக்கிளில், பாய்லர் கரி படிந்த சட்டையோடு நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தான். விளக்கு பச்சையாகும் வரை அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் நான் அதைச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவன் போன வருடம் ஏப்ரலில் ஒரு நாள் சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றான்.

"டாடி, ரேஸ்ல என் பார்ட்னருக்குக் கை உடஞ்சிருச்சு. நுவ்வு வஸ்தாவா?"

நீ வருகிறாயா என்று கேட்கிறான். நான் வேடிக்கை பார்க்கக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். இல்லை, ஓட்டக் கூப்பிடுகிறான். பத்துக் கிலோமீட்டர் சுற்று, ஐந்து சுற்று. ஜோடியாக ஓட்ட வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்தே கோட்டைத் தாண்ட வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து மதியம் ஒரு மணிக்குள் முடிக்க வேண்டும். முடித்தவர்களில் இருந்துதான் அவனுடைய சைக்கிள் சங்கம் வடக்கே பெரிய மலைப் பந்தயத்துக்கு ஆள் எடுக்கும். மூன்று வருடமாக அதற்காகத்தான் அவன் கிடந்து உழைக்கிறான்.

"எனக்கு நாற்பத்தொன்பது வயசுடா."

"உன் கால் ஸ்ட்ராங் டாடி. எனக்குத் தெரியும்."

உள்ளேயிருந்து செல்வி, "பெத்த புள்ள வாயத் தொறந்து ஒண்ணு கேக்குது. போங்க, பாய்லருக்கு முன்னாடி வேகுறதுக்கு அது ஒண்ணும் கொறச்சலா இருக்காது" என்றாள்.

அவன் மலையைச் சுமக்கச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

3

பந்தயத்துக்கு முன்னால் காகிதம். ஆதார் கார்டு, டாக்டர் சர்ட்டிபிகேட், மூன்று பக்கம் இங்கிலீஷ் படிவம். என் பெயர் ராசேந்திரன். அப்பா பெயர் முத்தையா. நமக்கு இன்ஷியல் போதும். இங்கே எல்லா இடத்திலும் பின்னால் ஒரு பெயர் கேட்பார்கள். இருபத்து நாலு வருடத்தில் ரேஷன் கார்டில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், பி.எப். காகிதத்தில் ஒரு பெயர் ஆகிவிட்டேன். பந்தயத்துக்கு நெஞ்சில் கட்டும் சீட்டில் "முத்தையா" என்று மட்டும் வந்தது. செத்துப்போன என் அப்பாவை நெஞ்சில் குத்திக்கொண்டு சைக்கிள் ஓட்டினேன்.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து இடம். "இதுல என்னடா போட்டிருக்கு?" என்றேன். "ரூல்ஸ் டாடி. செத்தா நம்ம பொறுப்புன்னு போட்டிருக்கு. சைன் சேய்" என்று சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே தமிழில் மு. ராசேந்திரன் என்று போட்டேன். அதில் வேறு என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியும். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

மல்லேஷிடம் சொன்னபோது பாய்லரின் தீ வாயை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். இத்தனை வருடமாக என்னை சாம்பார் என்றுதான் கூப்பிடுகிறான்.

"அரே சாம்பார், க்யா ரேஸ்? மே மாச வெயில்ல? இந்த பாய்லர் சூடு பத்தலையா உனக்கு?"

"பையன் கேட்டான்பா."

"ஹவ், ஆமா, பையன் கேட்டான். பையன் கிணத்துல குதின்னா குதிப்பியா?"

"குதிப்பேன்" என்றேன். அவன் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் அந்த மூன்று வாரம் இருந்தது பாருங்கள். தினமும் விடியலில் பிரவீன் எனக்கு கியர் சொல்லிக்கொடுத்தான். இறக்கத்தில் பின்னால் சாயச் சொன்னான். நான் விழுந்தால் சிரித்தான். அவன் விழுந்தால் நான் சிரித்தேன். பத்து வருடத்தில் பேசாத பேச்சை அந்த மூன்று வாரத்தில் பேசினான். பாதி எனக்குப் புரியாத இங்கிலீஷ். பரவாயில்லை, என்னைப் பார்த்துத்தானே பேசினான்.  

4

பந்தயத்தன்று செல்வியை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தான். "மம்மி, நுவ்வு ராகு. எண்டகா உண்டுந்தி." வராதே, வெயிலாக இருக்கும் என்றான். உண்மையில் அங்கே வருகிறவர்கள் எல்லாம் கார்க்காரர்கள். அது எனக்குப் புரிந்தது, அவளுக்கும் புரிந்தது.

ஆறு மணிக்கு விசில். முதல் இரண்டு சுற்று எனக்குக் கஷ்டமில்லை என்றால் நம்புங்கள். பாறை, சரளை, முள். ஏற்றத்தில் இறங்கித் தள்ளவும் செய்தேன். பிரவீன் முன்னால் பறந்தான். வளைவுக்கு வளைவு நின்று "டாடி, த்வரகா!" என்று கத்துவான். சீக்கிரமாம். நான் என் வேகத்தில்தான் வந்தேன். பாய்லர்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாகம் எடுக்கும் முன்னே ஒரு மடக்கு குடிக்க வேண்டும், மூச்சு வாங்கும் முன்னே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அதை அவனிடம் சொன்னேன். "இது பாய்லர் இல்ல டாடி" என்றான்.

ஒன்பதரை மணிக்கே பாறை கை வைக்க முடியாமல் சுட்டது. பந்தயக்காரர்கள் சுற்றுக்கு ஒரு இடத்தில் பந்தல் போட்டு, தண்ணீரும் பாக்கெட்டில் இனிப்புக் கூழும் கொடுத்தார்கள். பிரவீன் அந்த இனிப்பையே தின்றான். மூன்றாவது சுற்றில் வாந்தி எடுத்தான். "ஏமீ லேது" என்றான். ஒன்றுமில்லையாம்.

நான்காவது சுற்றில் பாதி வழி. முன்னால் போனவன் ஒரு வளைவில் சைக்கிளைப் போட்டுவிட்டு, பாறை மேல் வெட்டவெயிலில் உட்கார்ந்திருந்தான். நான் போய்த் தோளைத் தொட்டேன். காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. கையில் மயிர் குத்திட்டு நின்றது.  நாலு வருடம் முன்னால் மல்லேஷ் பாய்லர் முன்னால் இப்படித்தான் காய்ந்து போய் நின்றான். ஆளைத் தூக்கி ஆஸ்பத்திரியில் போட்டோம். நாலு நாள் கழித்துத்தான் கண் விழித்துப் பேசினான்.

பிரவீன் நிமிர்ந்து பார்த்தான். கண் நிலைகொள்ளவில்லை.

"அப்பா" என்றான். "குளிருதுப்பா."

மே மாதம், பாறை மேல், குளிருகிறது என்கிறான். அதையும் தமிழில் சொல்கிறான். எனக்கு எது அதிகம் பயமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அவனை இழுத்துக்கொண்டு கீழே ஒரு வேப்பமரத்துக்குப் போனேன். போகும்போதே அந்த மரத்தடியில் ஒரு சேலை தெரிந்தது. செல்வி. ஆட்டோவில் பாதி தூரம், மீதி நடந்து, நிழல் இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தூக்கு.

"நாலு மணி நேரமா உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு தடவையும் அந்த மேட்டுல போறீங்க. கூப்பிட்டா இவன் திட்டுவான்னு..." என்றவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். "அய்யோ, என்னடா ராசா இது?"

அவன் சட்டையைக் கழற்றி, அவள் முந்தானையை நனைத்து உடம்பெல்லாம் ஒற்றி, விசிறினோம். நீச்சத்தண்ணியை மூடியில் ஊற்றி வாயருகே கொண்டுபோனேன். அவன் குடிப்பதற்கு முன் தலையைத் திருப்பி, பாதையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். யாருமில்லை. பிறகு குடித்தான். பழைய சோற்றுத் தண்ணி குடிப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்படுகிறான் என நினைத்தேன். அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றது.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் நெற்றியில் வேர்த்தது, பிறகு கழுத்தில். வேர்வையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். எனக்கும் அவள் ஊற்றினாள், குடித்தேன்.

"போதும்டா. வீட்டுக்குப் போவோம்."

"இங்கொக்க ரவுண்டே டாடி. ப்ளீஸ்." இந்தச் சுற்றின் மீதி போக இன்னும் ஒரே சுற்றாம்.

டாடி ஆகிவிட்டேன். சரியாகிவிட்டான் என்று தெரிந்துகொண்டேன்.

"நான் முன்னால போறேன். நீ என் பின்சக்கரத்தைத் தாண்டக் கூடாது. சம்மதமா?"

தலையை ஆட்டினான். கடைசிவரை அப்படியே வந்தான். நான் நின்ற இடத்தில் நின்றான், நான் குடித்தபோது குடித்தான். ஒரு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தபோது இரண்டு பேரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினோம்.

5

இதோடு முடிந்திருந்தால் இது மலரில் போட நல்ல கதை.

நான் கூச்சக்காரன். கல்யாண வீட்டில் பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்க மாட்டேன். கம்பெனிக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தால் மல்லேஷ் பின்னால் நிற்பேன். "நாலு பேரு முன்னாடி வாயத் தொறந்து பேசுனா கொறஞ்சா போயிருவீங்க?" என்று செல்வி சொல்லாத வருடம் இல்லை.

மேடையில் மைக் வைத்திருந்தவர் "முத்தையா காரு! முத்தையா காரு!" என்று கூப்பிட்டார். என்னைத்தான் என்று தெரியவில்லை. பிரவீன் தள்ளிவிட்டான். இந்த வயதில் இந்த வெயிலில் மகனோடு முடித்திருக்கிறார், கை தட்டுங்கள் என்றார். முந்நூறு பேர் இருப்பார்கள். தட்டினார்கள். "அங்கிள், உங்க சீக்ரெட் என்ன? என்ன சாப்பிட்டீங்க? எங்களுக்கும் சொல்லுங்க" என்று தெலுங்கில் கேட்டு மைக்கை வாயருகே நீட்டினார்.

எனக்கு அன்று கூச்சம் போய்விட்டது. மகன் உயிரோடு பக்கத்தில் நிற்கிறான். மனைவி கூட்டத்துக்குப் பின்னால் தூக்கோடு நிற்கிறாள். எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். நான்காவது சுற்றில் பையன் விழுந்துவிட்டான், அதோ நிற்கிறாளே, அவள்தான் மரத்தடியில் நீச்சத்தண்ணி கொடுத்துக் காப்பாற்றினாள், நானும் அதைத்தான் குடித்தேன், இருபத்து நாலு வருடமாக நான் பாய்லர் முன்னால் நிற்பதே அதனால்தான் என்று சொன்னேன். பின்னாலிருந்து பிரவீன் என் பனியனைப் பிடித்து இழுத்தான். பாசத்தில் பிடித்துக்கொள்கிறான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பேசினேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். கீழே இறங்கியதும் ஒரு அம்மா கையில் காகிதத்தோடு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். பந்தலில் கொடுப்பதைத் தவிர, வழியில் யாரிடமும் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. புறப்படும்போதே சொந்த பாட்டிலில் எடுத்துவந்தால் தப்பில்லை. இடையில் வாங்கினால் ஜோடி நீக்கம். படிவத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அடியில் மு. ராசேந்திரன்.

"குடிச்சது நானுங்க. என்ன நீக்கிருங்க, அவன விட்ருங்க" என்றேன். ஜோடியில் ஒருவரை மட்டும் நீக்க வழியில்லையாம். அவர் நல்லவர். பையன் சுருண்டு விழுந்ததைப் பந்தலில் சொல்லியிருந்தால் டாக்டரை அனுப்பியிருப்போமே என்றும் சொன்னார். அதுவும் எனக்குத் தெரியாது.

பிரவீனைப் பார்த்தேன். தார்நாகா சிக்னலில் பார்த்த அதே முகம். அங்கே நின்ற ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குடிப்பதற்கு முன் அவன் இரண்டு பக்கமும் பார்த்தது கூச்சத்தால் இல்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, குடித்து, என் பின்னாலேயே ஒன்றரை மணி நேரம் வந்திருக்கிறான். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் தெலுங்கில், "மைக்ல பேசச் சொல்லி அவர யாரு கேட்டது?" என்றான். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். அவர் என்கிறான்.

செல்வி தூக்கைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தாள். "நான் வந்ததுதான் தப்பா?" என்று என்னைக் கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

மறுநாள் மல்லேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்ஸ்பெக்டர்கிட்ட உன் பேரையே சொல்ல மாட்டே. மைக்ல எல்லாத்தையும் சொன்னியா? அரே சாம்பார்!" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ சொன்னது தப்பில்ல. ஆனா யாராவது உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றான். அவன் ஒருவன்தான் அதைச் சொன்னான்.

அந்த வருடம் வடக்கே போன ஆட்களில் பிரவீன் இல்லை. விடியல் பேச்சும் இல்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை அவன் அம்மாவிடம் சொல்வான். அவள் என்னிடம் சொல்வாள். ஒரே கூடத்தில்தான் இருப்போம். அன்றிலிருந்து செல்வி கம்பெனிக்கு எனக்கு நீச்சத்தண்ணி கொடுப்பதில்லை. நானும் கேட்கவில்லை. வெறும் தண்ணீர் கொண்டுபோகிறேன்.

6

நேற்றுச் சாயங்காலம் நான் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரவீன் அடுப்படிக்குப் போனான். இந்த வருடம் அவனுக்குப் புது ஜோடி, மென்பொருள் கம்பெனிப் பையன், அமீர்பேட்டில் இருக்கிறான். காரில் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

அடுப்படியில் மெதுவாகப் பேசினான். ஆனால் நம் வீடு எவ்வளவு பெரிது, எல்லாம் கேட்கத்தான் செய்யும்.

"அம்மா, ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வையி. நீச்சத்தண்ணி வேணும்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "எதுக்குடா?"

"பாட்டில்ல எடுத்துட்டுப் போறேன். ரெண்டு பாட்டில். வெங்காயம் போடாத, வாசன வரும்."

"அப்பாதான்டா அத..."

"அம்மா" என்றான். பிறகு சுத்தமான தமிழில், ஒரு எழுத்து பிசகாமல், "யார்கிட்டயும் சொல்லாத" என்றான்.

அவனுக்குத் தமிழில் அந்த வார்த்தைகள் தெரிந்திருக்கின்றன. போன வருடம் மரத்தடியில், மூடியை என் கையில் திருப்பிக் கொடுத்தபோது, அதை என்னிடம் சொல்ல அவனுக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்திருக்கும்.

விடியலில் நான் எழுந்தபோது போய்விட்டிருந்தான். அடுப்படியில் தூக்கு கழுவிக் கவிழ்த்திருந்தது. நான் கேட்காமலே செல்வி எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். வெங்காயம் இல்லாமல். குடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

இப்போது மணி பத்தே முக்கால். வெளியே தார் இளகிக் கிடக்கிறது. நான்காவது சுற்றில் இருப்பான். தாகம் எடுக்கும் முன்னே குடிக்கிறானா என்று தெரியவில்லை. முடித்தால் மைக்கில் கேட்பார்கள். என்ன குடித்தாய் என்று கேட்டால் இங்கிலீஷில் ஏதாவது ஒரு பெயர் சொல்லுவான். அவனுக்குத் தெரியும், எதை எங்கே சொல்லக் கூடாது என்று. அது ஒன்றைத்தான் அவன் என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை.

மு. ராசேந்திரன்,
ஹப்சிகுடா, ஹைதராபாத்.
மே மாதம், இரண்டாவது ஞாயிறு.